பள்ளிக்கு வரும் காவலருக்கு என்ன பெயர்?

‘ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்’ என்ற அமெரிக்கப் பதவிப் பெயரைத் தமிழில் ‘பள்ளி வள அலுவலர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் ஊரிலோ தொண்டியிலோ இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மீன்வளத் துறையிலிருந்து யாரோ வலைக்கண் அளக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். பள்ளி ஆசிரியர்களைக் கேட்டாலோ வட்டார வள மையத்துக்காரர் என்பார்கள். சீருடை அணிந்த ஒரு காவலர் என்று யாருக்கும் தோன்றாது.

பிழை ‘ரிசோர்ஸ்’ என்ற சொல்லில்தான். அகராதியில் முதலில் நிற்கும் பொருள் ‘வளம்’. அதன் வேர் லத்தீனில் மீண்டும் எழுதலைக் குறிக்கும் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘இடரிலிருந்து எழக் கைகொடுப்பது’ என்ற பொருள் அதற்கு இருந்தது. பணம், கனிமம், கடல் எல்லாம் பின்னால் வந்து ஏறிக்கொண்டவை. பதவிப் பெயரில் நிற்பது அந்தப் பழைய பொருள்: தேவைப்படும்போது நாடக்கூடிய ஆள். ‘ரிசோர்ஸ் பர்சன்’ என்பதை நம் ஆசிரியர் பயிற்சிகளில் ‘கருத்தாளர்’ என்று அழகாக ஆக்கிக்கொண்டோம், ‘வள நபர்’ என்று எழுதவில்லை. அந்தக் கவனம் இங்கே தவறிவிட்டது.

பதவியின் வேலை என்ன? மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 1950-களில் தொடங்கிய ஏற்பாடு இது. காவல் துறையின் ஊழியர் ஒருவர் நாள் முழுதும் பள்ளியிலேயே இருப்பார். அவருக்கு மூன்று வேலை: சட்டம் காப்பது, சட்டத்தைப் பற்றி வகுப்பெடுப்பது, மாணவரோடு பேசி வழிகாட்டுவது. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபின் இப்பதவிகள் பெருகின. மூன்று வேலையில் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது என்பது அங்கே நெடுநாள் குறை. எதிர்த்துப் பேசியது, தள்ளுமுள்ளு என்று தலைமையாசிரியர் அறையில் முடியவேண்டியவை வழக்காகிப் போகின்றன.

இனி ‘காவலர்’. இதன் வேர் ‘கா’ என்ற ஓரெழுத்து வினை. காப்பு, காவல், காப்பாளர் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் தெருச் சுற்றும் ‘ஊர்காப்பாளர்’ வருகிறார்கள். ஆனால் ‘காவலன்’ என்றால் அன்று அரசன். ‘காவலன் காவான் எனின்’ என்று குறள் (560) எச்சரிப்பது மன்னனை. இக்கரையை ஆண்ட சேதுபதிகளையும் ‘சேதுகாவலர்’ என்று சொல்வதுண்டு. தென்சீமையில் ஊர்க்காவல், திசைக்காவல் என்ற பழைய முறைகளும் இருந்தன. காவல் காத்தவருக்கு ஊரார் விளைச்சலில் பங்கு கொடுத்தார்கள். அரசனைக் குறித்த சொல் மெல்ல மெல்ல இறங்கி இன்று ஒரு செல்போன் செயலிக்குப் பெயராகும்வரை வந்துவிட்டது. கௌரவக் குறைவு என்று கொள்ள வேண்டியதில்லை, சொல் புழக்கத்தில் இருக்கிறது என்பதே பெரிது.

‘போலீஸ்’ கிரேக்கத்தில் நகரத்தைக் குறித்த ‘பொலிஸ்’ என்பதிலிருந்து கிளம்பியது. அக்கரையில் யாழ்ப்பாணத்தார் ‘பொலிஸ்’ என்றே எழுதுவார்கள். இலங்கைத் தமிழர் தங்கியுள்ள மண்டபம் முகாமில் அந்த ஒலிப்பை இன்றும் கேட்கலாம். வேர்ச்சொல்லுக்கு நம்மைவிட அவர்களே நெருக்கம். வேரைப் பார்த்தால் ‘போலீஸ்’ ஊரை ஒழுங்குபடுத்துபவர், ‘காவலர்’ ஆளைக் காப்பவர். பள்ளிப் பிள்ளைக்கு முன் நிற்கும்போது இரண்டாவதுதான் பொருந்தும். ஆனால் ‘சேட்டை பண்ணுனா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்’ என்று சோறூட்டும்போதே சொல்லி வளர்க்கும் ஊரில் அந்தப் பொருள் தானாக வந்து ஒட்டாது.

அமெரிக்கப் பதவி நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இங்குள்ளது வேறொன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 107, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குறைந்தது ஒருவரைக் ‘குழந்தைகள் நலக் காவல் அலுவலர்’ என்று குறிக்கச் சொல்கிறது. அவர் அசிஸ்டெண்ட் சப்-இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆகவே ஏட்டையா எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாது. மாவட்ட அளவில், துணைக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாதவர் தலைமையில் சிறப்புச் சிறார் காவல் பிரிவு. அதில் சமூகப் பணியாளர் இருவர், ஒருவர் பெண்.

இந்தப் பெயர்களிலும் குழப்பம் உண்டு. சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் ‘குழந்தை’. பாம்பனில் விசைப்படகில் ஏறி வலை இழுக்கும் பதினேழு வயதுப் பையனிடம் ‘நீ குழந்தை’ என்று சொன்னால் சிரிப்பான். தனக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்று கேட்கவும் மாட்டான். நேர்மாறாக, குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறாரை விசாரிக்கும் அமைப்புக்கு உள்ள ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்ற அரசுப் பெயரைக் கேட்டு இருபது வயதுக்காரர் தமக்கும் அதில் இடம் இருப்பதாக நினைக்கிறார். இரண்டுக்கும் நடுவே ‘சிறார்’ என்ற சொல் கச்சிதமாக உட்காருகிறது. எனவே ‘சிறார் நலக் காவல் அலுவலர்’ என்பதே எங்கள் பரிந்துரை. ‘நல’ என்ற இரண்டெழுத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் ‘சிறார் காவல்’ ஆகிவிடும். சிறாரைக் காவலில் வைப்பது என்று படிக்கவும் இடம் கொடுக்கும்.

சட்டம் அந்த வாசிப்பை அடியோடு தடுக்கிறது. குற்றம் செய்ததாகப் பிடிக்கப்பட்ட சிறாரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. முடிந்தவரை சீருடை இல்லாமல், சாதாரண உடையில் பேச வேண்டும். 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் தவிர முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தை அதன் வீட்டில் அல்லது அது விரும்பும் இடத்தில் வாங்க வேண்டும், கூடியவரை உதவி ஆய்வாளர் தரத்துக்குக் குறையாத பெண் அலுவலர். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

பள்ளியில் இது எப்படி நடக்க வேண்டும்? காவலர் வந்து ஒரு மாணவனைக் கேட்டால், தலைமையாசிரியர் முதலில் கேட்கவேண்டியது: ‘நீங்க அந்த ஸ்டேஷனோட குழந்தைகள் நல அலுவலரா?’ பிறகு பெற்றோருக்குப் போன். வகுப்பறை வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், வேறு வேலையாகக் கூப்பிடுவதுபோல் ஒருவர் போய் அழைத்துவர வேண்டும். வந்தவர் பெயர், பதவி, வந்த நேரம், போன நேரம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். பெரும்பாலும் தவறுவது இதற்குப் பிறகுதான்: அன்று மாலையே ஊர் வாட்ஸ்அப் குழுவில் பையனின் படம் வந்துவிடும். விசாரணையில் உள்ள சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு இடத்தில் பள்ளியின் கை மிகப் பெரிது. வயதில் ஐயம் வந்தால் பிரிவு 94 முதலில் பார்ப்பது பள்ளிப் பிறந்ததேதிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும். அவை இல்லாதபோதுதான் ஊராட்சி அல்லது நகராட்சியின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது கூட்டி ‘ஜூன் 1’ என்று போட்ட ஒரு வரி, பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் பையன் குழுமத்துக்குப் போவானா, பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போவானா என்று தீர்மானிக்கும். சேர்க்கைப் பதிவேட்டைப் பிறப்புச் சான்றோடு ஒத்துப் பார்ப்பது எழுத்தர் வேலைதானே என்று விட்டுவிடக் கூடாது.

இக்கரையில் காவலரின் துணை மிகவும் தேவைப்படும் காலம் ஒன்று உண்டு. கிழக்குக் கடலின் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறது. தடை முடிந்த அந்த இரண்டு வாரத்தில் யார் வகுப்புக்கு வரவில்லை என்று பார்த்தால் போதும், படகு ஏறியவர்கள் பட்டியல் கிடைத்துவிடும். கஞ்சாவோ சாராயமோ சுமக்கச் சிறாரைப் பயன்படுத்தினால் பிரிவு 78-இன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும், அது பயன்படுத்தியவருக்கு. இதைப் பையன்களிடம் சொல்வதைவிட அவர்களை வேலைக்குக் கூப்பிடுவோரிடம் சொல்வதே பயன் தரும்.

ஊர் வாயில் புழங்கும் மற்ற பெயர்கள்: ‘மரைன் போலீஸ்’ என்பது மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், ‘கோஸ்ட் கார்டு’ என்பது ஒன்றிய அரசின் கடலோரக் காவல்படை. ‘மாணவர் காவல் படை’ கேரளத்தில் 2010-இல் தொடங்கி 2018-இல் நாடு முழுதும் அறிமுகமானது, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. கோவை மாநகரில் கல்லூரி மாணவியருக்குத் துணையாகப் பெண் காவலர்களை அமர்த்தி 2022-இல் வந்தது ‘போலீஸ் அக்கா’. பெயர் வைப்பதில் இதை விஞ்ச ஆளில்லை. எந்தக் குழுவும் கூடிச் சொல்லாக்கியிருந்தால் ‘அக்கா’ கிடைத்திருக்காது.

அப்படியானால் அமெரிக்கப் பதவிக்கு? ‘பள்ளித் துணைக் காவலர்’ என்றால் ‘துணைக் கண்காணிப்பாளர்’ போல அடுத்த நிலைப் பதவியாகப் படும். ‘பள்ளி உறுதுணைக் காவலர்’ என்றால் அந்த இடறல் இல்லை, எழக் கைகொடுக்கும் பழைய பொருளும் வந்துவிடுகிறது. அமெரிக்கச் செய்தியை எழுதும்போது அதை ஆளலாம். நம் பள்ளிச் சுவரில் எழுதும்போது ‘சிறார் நலக் காவல் அலுவலர்’. கீழே நிலையத்தின் எண், அதன் கீழே குழந்தைகள் உதவி எண் 1098. அலுவலர் பெயரைப் பெயின்டில் எழுத வேண்டாம், மாறுதலில் போய்விடுவார். கரும்பலகைச் சுண்ணக்கட்டி போதும்.