அரசுக் கல்லூரிக் கட்டடம் ஒழுகினால் யாரிடம், எதை எழுதிக் கேட்பது?

வகுப்பறைக் கூரை பெயர்ந்து விழுகிறது என்று முதல்வரிடம் போனால், "பி.டபிள்யூ.டி.க்கு எழுதியாச்சு" என்பார். பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளரோ, "எஸ்டிமேட் போட்டாச்சு, நிதி வரலை" என்பார். அதுவரை பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாளில் அறிக்கை தருவது முறை. புகார், பாதிக்கப்பட்ட மாணவர் பெயரிலேயே இருக்கட்டும். பெற்றோரோ முன்னாள் மாணவரோ எழுதினால் அதையே காரணம் காட்டி ஒதுக்கிவிடுவார்கள். "கட்டடம் பழசு" என்றும் எழுதாதீர்கள். தர வேண்டிய மாணவர் வசதியைத் தராததுதான் விதியில் குறை. எனவே, "இரண்டாம் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை" என்பதுபோல் இடத்தைச் சொல்லி எழுதுங்கள். குழுவின் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் மேல்முறையீட்டை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) மேல்முறையீடு செய்யலாம். குழுவைத் தாண்டி நேரே அவரிடம் போனால் எடுக்க மாட்டார்.

பூச்சு வேலை தொடங்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். கூரைக் கம்பி துருப்பிடித்தால் பருத்து, அடிக் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். துருவைச் சுரண்டாமல் சிமெண்ட் பூசினால் அந்தப் பூச்சும் சேர்ந்து விழும். நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பிடும் அமைப்பு) மதிப்பீடு வருகிறது என்றதும் அவசரமாக நடப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான். துருக்கறை, மாடியில் அடைத்துக்கிடக்கும் மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசஞ்செடி எல்லாம் அறை எண்ணோடு படத்தில் இருக்கட்டும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கல்லூரிக்கு ஒன்று, பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு ஒன்று என்று பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்புங்கள். ஒன்றே போதும் என்று விட்டால் இரண்டு அலுவலகமும் மாற்றி மாற்றிக் கைகாட்டும். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கல்லூரி அனுப்பிய கடிதத்தின் எண், தேதி, நகல், எஸ்டிமேட் நகல், கடைசியாக நடந்த பராமரிப்பு வேலையின் எம்.புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) பக்கங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். கடிதமே போகவில்லை என்பது பல நேரம் இங்கேதான் வெளிவரும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். வேலையை நேரில் பார்வையிடவும் இதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது. எம்.புக் நகலோடு மாடி ஏறுங்கள். தட்டோடு (மாடித் தளத்தில் பதிக்கும் தட்டை ஓடு) பதித்ததாக அளவு எழுதிப் பணம் கொடுத்திருந்து, அங்கே தட்டோடே இல்லையென்றால் மேல்முறையீட்டிலும் புகாரிலும் அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள்.