பல் சேர்கிறதா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். பைக்கிலிருந்து விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்றே தலைக்கு ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று சொல்லி, மோவாயில் நான்கு தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மண்டையை மட்டும் மூடும் அரை ஹெல்மெட் போட்டிருந்தார். அது தன் வேலையைச் செய்துவிட்டது. மோவாய்க்கு அதில் இடமில்லை. "வீக்கம் வடிந்துவிட்டது டாக்டர், வலியும் குறைவுதான். ஆனால் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. பல்லோடு பல் சேரமாட்டேன் என்கிறது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே நோய் தெரிந்துவிட்டது: தாடை முறிவு. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியைக் கடைவாயில் கொடுத்து, இறுக்கிக் கடிக்கச் சொல்லி லேசாகத் திருகினேன். தாடை முழுதாக இருப்பவர் கடியில் குச்சி முறிந்துவிடும். இவர் வலி தாங்காமல் உடனே வாயைத் திறந்துவிட்டார். எக்ஸ்ரேயில் மோவாயில் ஒரு விரிசல், இடது காதுக்கு முன்னால் தாடை மூட்டின் கழுத்தில் இன்னொன்று.

கீழ்த்தாடை குதிரை லாடம் போன்ற எலும்பு. மோவாயில் விழுந்த அடியின் விசை வளைவு வழியே ஓடி, மூட்டருகே மெலிந்த இடத்தை உடைக்கும். வளையலை அழுத்தினால் ஓரிடத்தில் மட்டுமா உடைகிறது? அதனால் ஒரு முறிவைக் கண்டால் இன்னொன்றைத் தேடுவது எங்கள் வழக்கம். கீழுதடு மரத்துப்போவது, நாக்குக்கு அடியில் நீலம் பாரிப்பது, வாய் திறக்கும்போது ஒரு பக்கம் கோணுவது, காதிலிருந்து ரத்தம் வருவது, இவற்றில் எது இருந்தாலும் சந்தேகப்படுங்கள். துண்டைக் கட்டி மோவாயைப் பின்னுக்கு இறுக்குவது மட்டும் வேண்டாம். மோவாய் இரு பக்கமும் உடைந்திருந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சையே அடைக்கும். நினைவு உள்ளவர் முன்னால் குனிந்து உட்காரட்டும். நினைவு இல்லாதவரைக் கழுத்து திருகாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அடுத்து எல்லோரும் கேட்பது: உடைந்த தாடையைச் சேர்க்கக் கம்பியா, பிளேட்டா?

கம்பி மிகப் பழைய வழி. உடைந்த தாடையின் பற்களைத் தங்கக் கம்பியால் சேர்த்துக் கட்டச் சொல்லும் குறிப்பு பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் பெயரிலுள்ள நூல்களிலேயே இருக்கிறது. இன்று மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் ஒவ்வோர் உலோகப் பட்டையைக் கட்டி, இரண்டையும் இணைத்து வாயைப் பூட்டுகிறோம். எலும்பு விலகாத முறிவுக்கு இது போதும், செலவும் குறைவு. ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் கஞ்சி, ராகிக் கூழ், வடிகட்டிய பருப்புத் தண்ணீர்தான். உடல் எடை குறையும். வலிப்பு உள்ளவர்களுக்கும், அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும், குடியை விடாதவர்களுக்கும் நான் இதைத் தவிர்த்துவிடுவேன். வாய் பூட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் உயிருக்கே ஆபத்து. கம்பி வெட்டும் கத்தரியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கச் சொல்லி, எந்தக் கம்பியை வெட்டவேண்டும் என்று வீட்டாருக்குக் காட்டித்தான் அனுப்புகிறோம்.

1970களில் பிரான்ஸில் மிஷலே, ஷாம்பி என்ற அறுவை மருத்துவர்கள், எலும்பைப் பிடித்து நிறுத்தும் சின்னஞ்சிறு பிளேட்டுகளை வாய்க்குள்ளிருந்தே பொருத்திக் காட்டியபிறகு நிலைமை மாறியது. இப்போது டைட்டானியம் பிளேட்டைத்தான் அதிகம் வைக்கிறோம். முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயை மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். வாய் வழியாகச் செலுத்தினால் பற்களைச் சேர்த்துப் பார்க்க முடியாதே! முதலில் பற்களைப் பொருத்திக் கட்டிவிட்டு, பிறகுதான் பிளேட்டை முடுக்குகிறோம். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்து, கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் நோயாளி ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் என்னைத் திட்டுவார். மோவாய் முறிவுக்கு வெட்டு பெரும்பாலும் ஈறுக்குக் கீழேதான்; முகத்தில் தழும்பு வராது. உதட்டு மரப்பு சில மாதம் நீடிக்கலாம், சிலருக்கு முழுவதும் போகாமலும் இருக்கலாம். தொந்தரவு தராத பிளேட்டை எடுக்கத் தேவையில்லை. புகைப்பவர்களுக்குச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரி வாசலில் பீடியோடு நின்ற ஒருவரிடம் என் பொறுமை போய்விட்டது.

அந்த இளைஞருக்கு மோவாயில் இரண்டு பிளேட். ஒன்பது நாளில் இடையே வளர்ந்திருந்த சதையைச் சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது. இன்னும் சில வாரம் கழித்து வந்திருந்தால், கோணலாகச் சேர்ந்த எலும்பை மறுபடி உடைத்திருக்கவேண்டும். மூட்டு முறிவு அதிகம் விலகவில்லை என்பதால் அங்கே கத்தி வைக்காமல், இரண்டு வாரம் ரப்பர் வளையங்களால் கடியை வழிநடத்தினோம்.

பல் இல்லாத முதியவர்கள் விழுந்தால், அவர்களுடைய பல் செட் உடைந்திருந்தாலும் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். பழைய கடிக்கு எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். சில சமயம் அதையே தாடையோடு கட்டிச் சிகிச்சை செய்கிறோம்.

என்னை அதிகம் வருத்துவது குழந்தைகள்தான். எலும்பு சீக்கிரம் சேரும், முளைக்காத பற்கள் உள்ளே இருக்கும் என்பதால் அவர்களுக்கு ஸ்குரூ போட யோசிப்போம். பெரும்பாலும் பல்வரிசைமேல் பொருத்தும் அக்ரிலிக் (பிளாஸ்டிக்) அச்சு இரண்டு மூன்று வாரம் போதும். மூட்டு முறிந்த குழந்தைக்கு அதைவிட முக்கியம், வாயைச் சீக்கிரம் அசைக்கப் பழக்குவது. மோவாயில் தையல் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். அப்படி மறக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவள் வாய்க்குள் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. மூன்று வயதில் மாடிப்படியில் விழுந்தாள் என்று அம்மா சொன்னார். மோவாய்க்கு அடியில் தழும்பு இருந்தது. மூட்டு மண்டையோட்டோடு எலும்பாகவே ஒட்டிப்போயிருந்தது. அதை வெட்டி விடுவித்தோம். அதன்பிறகுதான் அவளுக்கு உண்மையான வேலை: ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாள்தோறும் வாயை விரிக்கவேண்டும். அழுதுகொண்டே ஏழு குச்சியில் தொடங்கினாள். நேற்று வந்தபோது பதினெட்டு. அம்மாவை முந்திக்கொண்டு அவளே எண்ணிக் காட்டினாள்.