பக்கா: லண்டன் கொச்சையில் ஒரு பழைய சரக்கு

லண்டனில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் போனில் கேட்டான்: "சித்தப்பா, குழாய் ரிப்பேர் பண்ண வந்த வெள்ளைக்காரர், வேலை முடிஞ்சதும் 'பக்கா'ன்னு சொல்லிட்டுப் போறார். நம்ம பக்காவா அது?"

நம்ம பக்காவேதான். ஆனால் தமிழிலிருந்து போனதல்ல. அவர்களும் நாமும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு அது. கடை, இந்துஸ்தானி.

வடமொழியில் 'பச்' என்றால் சமைத்தல். வெந்ததும் பழுத்ததும் 'பக்வ'. அதுதான் இந்தியிலும் உருதுவிலும் 'பக்கா' ஆனது. எதிர்ச்சொல் 'கச்சா': வேகாதது, காயாக இருப்பது. கம்பெனிக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு 'புக்கா' என்று படித்துவிடாதீர்கள். பஞ்சாபுக்கு முதல் எழுத்தோடு 'யூ' போட்ட அதே பழக்கம்தான் இங்கேயும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் தலைகாட்டியது எடைக்கணக்கில். 1670களில் இந்தியாவில் இருந்த ஜான் பிரையர் என்ற ஆங்கில மருத்துவர், ஆக்ராவின் 'பக்கா மணங்கு' சூரத் மணங்கைப்போல் இரண்டு மடங்கு என்று குறித்திருக்கிறார். பக்கா என்றால் பெரிய, முழு அளவு. பழைய ஆட்கள் 'பக்காப் படி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பக்காவும் இந்தப் பொருளில்தான்.

அப்புறம் சொல் நாலாபக்கமும் கிளைவிட்டது. 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியில் இதைப் பார்க்கலாம். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவர்தான். கச்சாவையும் பக்காவையும் ஜோடி ஜோடியாக அடுக்கிக் காட்டுகிறது அந்த அகராதி. வெயிலில் காயவைத்த செங்கல் கச்சா, சூளையில் சுட்டது பக்கா. மண்சுவர் வீடு கச்சா, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது பக்கா. மண்ரோடு கச்சா, கல் போட்டது பக்கா. தற்காலிக வேலை கச்சா, நிரந்தர வேலை பக்கா. அதோடு விடவில்லை. அயோக்கியனிலும் கச்சா அயோக்கியன், பக்கா அயோக்கியன் என்று இரண்டு ரகம் உண்டாம். பின்னவன் எடுத்த காரியத்தை அரைகுறையாக விடாதவன். நம் 'பக்கா ரவுடி'க்கு அன்றைக்கே அகராதியில் இடம் கிடைத்துவிட்டது!

'பக்கா சாகிப்' வேறு கதை. அசல் கனவான், ஆளப்பிறந்த வெள்ளைத்துரை என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்ட சொல் அது. சாம்ராஜ்யம் போன பிறகு அதே தொடர் கிண்டலாகிவிட்டது. இடையில் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினர், நம்பத் தகுந்த தகவலுக்கு இதே அடைமொழியைப் போட்டார்கள். 'நியூஸ் பக்கா' என்று நாம் சொல்வது மாதிரி.

இன்றைய லண்டன் பேச்சில் துரைத்தனம் மிச்சமில்லை. 'அருமை', 'சூப்பர்', அவ்வளவுதான். சாகிப்புகள் வாயிலிருந்த சொல் மார்க்கெட்டுக்காரர்கள் வாய்க்கு இறங்கி வந்ததுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். 1999இல் பிபிசியில் சமையல் நிகழ்ச்சி தொடங்கிய ஜேமி ஆலிவர் மூச்சுக்கு மூச்சு 'பக்கா' சொல்லி, அதை நாடெங்கும் பரப்பினார். லெஸ்டர்ஷயரில் 1963இல் தொடங்கிய ஒரு பை கம்பெனிக்கும் 'பக்கா' என்றே பெயர். பை என்றால் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுவது. வெந்ததைச் சொல்லப் பிறந்த சொல் அடுப்படிக்கே திரும்பிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இந்தச் சொல் இரண்டு வழியாக வந்திருக்கிறது. வடமொழியிலிருந்து நேரே வந்தது 'பக்குவம்'. இந்துஸ்தானி வழியாகச் சுற்றி வந்தது 'பக்கா'. நளபாகத்தில் வரும் 'பாக'மும் இந்தக் குடும்பம்தான். ஆங்கில 'குக்'குக்கு மூலமான லத்தீன் சொல்லும் 'பச்'சும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழியியலார் கணக்கு. அப்படியானால் குக்கருக்கும் கைப்பக்குவத்துக்கும் சொந்தம் இருக்கிறது.

நல்ல தமிழில் என்ன சொல்வது? எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது. பக்கா வீட்டைக் காரை வீடு, கல் வீடு என்று ஊரில் சொல்வார்கள். பக்கா திருடன் கைதேர்ந்த திருடன். பக்கா பொய் அப்பட்டமான பொய். பக்கா ஏற்பாட்டைப் 'பிசகில்லாத ஏற்பாடு' என்று எழுதலாம். சொக்கத் தங்கத்தில் வரும் 'சொக்க'வும் கிட்டத்தட்ட இதே பொருள்தான், ஆனால் அதைத் தங்கத்தை விட்டு நகர்த்த முடியாது. மூலத்துக்கு மிக நெருங்கி நிற்பது என் கணக்கில் 'பழுத்த'. பழுத்த அரசியல்வாதி, பழுத்த அனுபவம் என்கிறபோது, காயும் கனியும் என்ற அந்தப் பழைய உவமை அப்படியே இருக்கிறது. 'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்பதும் அதே தோட்டம்தான். அதற்காக 'பழுத்த பிளான்' என்று யாரும் சொல்லப்போவதில்லை. பேச்சில் பக்கா இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜோடியில் மற்றதான கச்சா, லண்டன் பேச்சில் தங்கவில்லை. நம்மிடம் பிழைத்துக்கொண்டது, பேப்பரில் கச்சா எண்ணெய் விலை வராத நாள் உண்டா? அந்தக் கணக்கில் பெட்ரோல்தான் பக்கா எண்ணெய்.

இதையெல்லாம் அண்ணன் மகனுக்கு விளக்கி ஒரு வாரம் இருக்கும். மறுபடி போன். குழாய் திரும்ப ஒழுகுகிறதாம்.

"அப்ப இதுக்கு என்ன சித்தப்பா பேரு?"

"கச்சா."