ஒரே ரிமோட் வாங்கும் முன் வீட்டிலுள்ள பெட்டிகளைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் எந்த வீட்டு வரவேற்பறைக்குப் போனாலும் மேசைமேல் மூன்று நான்கு ரிமோட் கிடக்கும். டிவிக்கு ஒன்று, அஸ்ட்ரோ டிகோடருக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, படம் பார்க்கும் ஸ்டிக்குக்கு ஒன்று. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டலாம் என்று யுனிவர்சல் ரிமோட் ஒன்றை வாங்கி வருகிறார்கள். ஒரு வாரத்தில் அதுவும் அந்தக் கூட்டத்தில் ஐந்தாவதாகச் சேர்ந்துவிடுகிறது. அப்படி ஒதுக்கப்படும் ரிமோட்டுகளில் பழுதானவை மிகக் குறைவு. ரிமோட் பேசும் மொழி ஒன்று, பெட்டிக்குப் புரியும் மொழி வேறு, அதுதான் காரணம். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் சோதித்துவிடுங்கள்.

சோதனை எளிது. பெட்டியோடு வந்த ரிமோட்டின் முன்முனையை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். பெட்டி அசையவில்லை என்றால் அது அகச்சிவப்பு ஒளியில் இயங்குகிறது. மூடிய பிறகும் வேலை செய்தால் அது புளூடூத் அல்லது வேறு ரேடியோ அலை. இரண்டாவது வகைப் பெட்டியில் அகச்சிவப்பு வாங்கியும் சேர்ந்து இல்லாவிட்டால், சாதாரண யுனிவர்சல் ரிமோட்டால் அதைத் தொடவே முடியாது. அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்கில் அகச்சிவப்பு வாங்கியே கிடையாது. கூகுள் டிவி வசதியுள்ள குரோம்காஸ்டும் அப்படியே. அவற்றின் ரிமோட் டிவியின் ஒலி, பவர் போன்றவற்றை இயக்கும்போது மட்டும் அகச்சிவப்பை அனுப்பும்; ஸ்டிக்கோடு பேசுவது புளூடூத்தில். இது தெரியாமல், "டிவிக்கு வேலை செய்கிறது, ஸ்டிக்குக்கு ஏன் செய்யவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

பழைய ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கைப்பேசி கேமரா போதும். ரிமோட் முனையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்தினால் திரையில் ஊதா நிறத்தில் ஒளி துடிக்கும். சில கைப்பேசிகளின் பின்கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் ஒன்றும் தெரியாது. அப்போது முன்கேமராவில் பாருங்கள்.

எல்லாம் அகச்சிவப்புதான் என்று உறுதியான பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகள் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை அனுப்புகின்றன. ஆனால் அந்த ஒளி துடிக்கும் வேகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். என்இசி முறை 38 கிலோஹெர்ட்ஸ், பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36, சோனி முறை 40. அதற்குமேல் ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனி எண் வரிசை. யுனிவர்சல் ரிமோட்டின் வேலையே இந்த வரிசைகளை நினைவில் வைத்திருந்து, பெட்டிக்குத் தகுந்ததை அனுப்புவதுதான்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, குறியீடுகளை உள்ளே நிரப்பியே விற்கும் வகை. ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளிலும் இணையத்திலும் 15 முதல் 30 வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். மற்றொன்று, பழைய ரிமோட்டிடமிருந்து கற்றுக்கொள்ளும் வகை. பழைய ரிமோட் இன்னும் வேலை செய்கிறது என்றால் இரண்டாவதை வாங்குங்கள். தொலைந்துபோய்விட்டது, நாய் கடித்துவிட்டது என்றால் முதல் வகைதான் வழி. அப்போது டிவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம்பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறுவனப் பெயர் மட்டும் போதாது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு ஆண்டு மாடல்கள் வெவ்வேறு குறியீட்டில் இயங்கலாம்.

முதல் வகையைப் பொருத்தும் முறை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். பட்டன் பெயர்தான் மாறும். டிவியைப் போட்டுவிட்டு, 'டிவி' பட்டனைத் தட்டி, 'செட்' பட்டனைச் சிவப்பு விளக்கு நின்று எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். கைச்சீட்டில் உங்கள் நிறுவனத்துக்கு எதிரே உள்ள மூன்று அல்லது நான்கு இலக்க எண்ணைப் போடுங்கள். விளக்கு அணைந்தால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். சீட்டில் ஒரே நிறுவனத்துக்குப் பத்துப் பதினைந்து எண் இருக்கும். பலரும் ஒலி கூடிக் குறைந்தவுடன் முதல் எண்ணிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறுகிறது. ஒலியும் பவரும் சரியாக இருந்து, மெனு, ஓகே, அம்புக்குறிகள், உள்ளீடு மாற்றும் பட்டன் ஆகியவை வேறு வேலை செய்யும் எண்கள் பல உண்டு. இந்த நான்கையும் சோதித்த பிறகே எண்ணை முடிவு செய்யுங்கள். எந்த எண்ணும் பொருந்தாவிட்டால் தானியங்கித் தேடல் இருக்கிறது: ரிமோட் ஒவ்வொரு குறியீடாக அனுப்பிக்கொண்டே போகும், டிவி அணைந்த அல்லது ஒலிக்கோடு தோன்றிய அந்த நொடியில் ஏதாவது பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் அடுத்த குறியீட்டுக்குப் போய்விடும். கண் திரைமேல் இருக்கட்டும், விரல் பட்டன்மேல் இருக்கட்டும்.

கற்கும் வகையில் பொறுமைதான் முக்கியம். இரண்டு ரிமோட்டையும் மேசையில் தலைக்குத் தலை நேராக, 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். இரண்டுக்கும் புது பேட்டரி போடுங்கள். சன்னல் வெயில் படாத இடமாகப் பார்த்து, குழல்விளக்கை அணைத்துவிடுங்கள். மின்னணு சோக்குள்ள குழல்விளக்குகள் துடிக்கும் வேகமும் ரிமோட்டின் வேகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பதிவில் குப்பை கலந்துவிடும். பழைய ரிமோட்டின் பட்டனைச் சுருக்கமாக ஒருமுறை அழுத்துவதா, பிடித்திருப்பதா என்பது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், கைச்சீட்டில் போட்டிருக்கும். ஐந்தாறு பட்டன் பதிந்தவுடன் டிவி முன் போய்ச் சோதித்துவிட்டு மீதியைத் தொடருங்கள். முப்பது பட்டனையும் பதிந்த பிறகு எல்லாம் வீண் என்று தெரிவதைவிட அது மேல்.

கற்ற ரிமோட்டில் ஒரு விசித்திரமான கோளாறு வரும். ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் சேனல் எண்ணை, உதாரணத்துக்கு 1, 1 என்று அழுத்தினால் ஒரு 1 மட்டும் பதிவாகும். பட்டனில் குறையில்லை. ஆர்சி-5, ஆர்சி-6 முறைகளில் ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் ஒரு பிட் (0 அல்லது 1) மாறி மாறிப் போகும். அதை வைத்துத்தான் பெட்டி, விரலை எடுத்து மறுபடி அழுத்தினீர்களா, அப்படியே பிடித்திருக்கிறீர்களா என்று பிரித்தறிகிறது. கற்கும் ரிமோட் பதிந்ததையே கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்லும். பிட் மாறாததால் இரண்டாவது அழுத்தலை, பட்டன் இன்னும் பிடியில் இருப்பதாகப் பெட்டி எண்ணிவிடுகிறது. இதற்குக் கற்றலைக் கைவிட்டு, அந்தப் பெட்டிக்கு மட்டும் உள்நிரப்பிய குறியீட்டைப் பயன்படுத்துவதே தீர்வு. அதில் பிட் முறையாக மாறும்.

ஏர்கோன் ரிமோட்டையும் இதிலேயே கற்பிக்க முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்கோன் ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, காற்றின் வேகம், முறை அனைத்தையும் ஒரே மூட்டையாக அனுப்புகிறது. நீங்கள் பதிவது 'ஒரு டிகிரி கூட்டு' அல்ல, '25 டிகிரி, குளிர், நடுவேகம், ஆன்' என்ற முழு நிலை. ஒரு பட்டனுக்கு ஒரு நிலை என்று வைத்துக்கொண்டால் பயன்படும். கூட்டிக் குறைக்க முடியாது.

இனி, அதிகம் குழப்புகிற விஷயம். கொஞ்சம் விலை கூடிய ரிமோட்டுகளில் ஒரே பட்டனில் வரிசையாகப் பல கட்டளைகள் போகும். 'அஸ்ட்ரோ பார்' என்று அழுத்தினால் டிவி, டிகோடர், சவுண்ட்பார் மூன்றும் எழுந்து, டிவி சரியான எச்டிஎம்ஐ-க்கு மாற வேண்டும். முதல் வாரம் அழகாக நடக்கும். ஒருநாள் சாயங்காலம் இடி இடித்து கரண்ட் போய் வரும். கோலாலம்பூரில் அதற்கா பஞ்சம்! கரண்ட் வந்ததும் டிவி உறங்கிய நிலையிலேயே இருக்கும், டிகோடர் தானே எழுந்துகொள்ளும். இப்போது அதே பட்டனை அழுத்தினால் டிவி எழும், டிகோடர் அணையும். காரணம், சாதாரண பவர் பட்டனில் இருப்பது 'மாற்று' என்ற ஒரே கட்டளை: அணைந்திருந்தால் எழு, எழுந்திருந்தால் அணை. பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அகச்சிவப்பு ரிமோட்டுக்குத் தெரிய வழியில்லை. அது ஒருவழிப் பேச்சு.

பல டிவிகள் 'எழு' என்பதற்குத் தனியாகவும் 'அணை' என்பதற்குத் தனியாகவும் கட்டளை வைத்திருக்கின்றன. கூட வந்த ரிமோட்டில் அவற்றுக்குப் பட்டன் இருக்காது, அவ்வளவுதான். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று நேரடியாகப் போகும் கட்டளைகளும் அப்படியே. ரிமோட்டின் குறியீட்டுப் பட்டியலில் இவை இருந்தால் கட்டாயம் அவற்றையே வரிசையில் சேருங்கள். இல்லாவிட்டால் பவரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பவர் பட்டன் கொடுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் கோளாறு வராது. டிவியை எழுப்பும் கட்டளைக்கும் உள்ளீடு மாற்றும் கட்டளைக்கும் நடுவே 5 முதல் 10 நொடி இடைவெளி விடுங்கள். ஸ்மார்ட் டிவி எழுந்தவுடன் சில நொடிகள் எந்தக் கட்டளையும் காதில் விழாது.

இதே இடத்தில் சிஇசி-யும் குறுக்கே வரும். எச்டிஎம்ஐ கேபிளின் 13-ஆவது கம்பி வழியாகப் பெட்டிகள் ஒன்றையொன்று எழுப்பி அணைத்துக்கொள்ளும் வசதி அது. சாம்சுங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பேனசோனிக்கில் வியேரா லிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ரிமோட் வரிசையும் சிஇசி-யும் சேர்ந்து ஒரே பெட்டியைத் தட்டினால், ஒன்று எழுப்ப மற்றொன்று அணைக்கும். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். உண்மையில் டிவி, சவுண்ட்பார், ஸ்டிக் மூன்று மட்டும் உள்ள வீட்டுக்கு யுனிவர்சல் ரிமோட்டே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. டிவி அமைப்பில் சிஇசி-யைப் போட்டு, சவுண்ட்பாரை ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் இணைத்தால், டிவி ரிமோட்டிலேயே மூன்றும் நடக்கும். காசும் மிச்சம்.

சவுண்ட்பார் என்றதும் சொல்ல வேண்டியது: புதிதாக வாங்கிய அன்றிலிருந்து டிவி ரிமோட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், டிவியின் கீழ்விளிம்பில் உள்ள அகச்சிவப்புக் கண்ணைச் சவுண்ட்பார் மறைத்துக்கொண்டிருக்கும். ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கி அழுத்தும்போது வேலை செய்தால் சந்தேகமே வேண்டாம். பாரை இரண்டு விரற்கடை முன்னே நகர்த்துங்கள் அல்லது கீழே இறக்குங்கள். பெட்டிகளை அலமாரிக் கதவுக்குள் வைத்திருப்பவர்கள் அகச்சிவப்பு நீட்டிப்புக் கம்பி வாங்கி, அதன் கண்ணை வெளியேயும் ஒளி உமிழும் முனையைப் பெட்டியின் கண்மீதும் ஒட்டலாம்.

கைப்பேசியில் 'யுனிவர்சல் ரிமோட்' என்று தேடினால் செயலிகள் குவியும். ஷாவ்மி போன்ற சில கைப்பேசிகளின் மேல்விளிம்பில் அகச்சிவப்பு உமிழி உண்டு. அவற்றில் உண்மையிலேயே வேலை நடக்கும். உமிழி இல்லாத கைப்பேசியால் வைஃபை வழியாக ஸ்மார்ட் டிவியோடு மட்டும் பேச முடியும், அதுவும் இரண்டும் ஒரே இணைப்பில் இருந்தால். பழைய டிகோடரையும் இயக்கித் தருகிறேன் என்று வாரச் சந்தா கேட்கும் செயலியை நம்பாதீர்கள். ரிமோட் வேலைக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? அதைக் கேட்டால் உடனே நீக்குங்கள். கைப்பேசிக் கட்டளையை வைஃபையில் வாங்கி அகச்சிவப்பாக அனுப்பும் கருவி வாங்குபவர்கள், அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும் என்பதை நினைவில் வையுங்கள். கருவியின் மேலே எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய லாஜிடெக் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட் மலிவாகக் கிடைக்கும், நல்ல பொருள்தான். ஆனால் 2021-இல் நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதை அமைப்பதற்கு நிறுவனத்தின் சர்வர் தேவை. அந்தக் கணக்கோடு விலை பேசுங்கள்.

பேட்டரி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மலிவு ரிமோட்டுகள் சில, பேட்டரியைக் கழற்றிய சற்று நேரத்தில் பதிந்ததையெல்லாம் மறந்துவிடும். புதியதைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். பேட்டரி கசிந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் சில சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து நன்றாகக் காய விடுங்கள்.

சவுண்ட்பார், வண்ண விளக்குப் பட்டை ஆகியவற்றோடு வரும் அட்டை போன்ற சிறு ரிமோட்டுகளில் இருப்பது சிஆர்2025 அல்லது சிஆர்2032 என்ற நாணய பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள இது, குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துவிடும். ரிமோட்டுக்குப் போதாமல் கழற்றிய பேட்டரியிலும் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சமிருக்கும். திருகாணி இல்லாமல் இழுத்தால் வந்துவிடும் மூடியுள்ள ரிமோட்டைச் சிறுபிள்ளை உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். நாணய பேட்டரிக்குப் பதில் ஏஏஏ பேட்டரி போடும் யுனிவர்சல் ரிமோட் வாங்க இதைவிட நல்ல காரணம் இல்லை. குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, எச்சில் ஒழுகுகிறதா இருமல் வருகிறதா என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது கடந்து, விழுங்கமுடிகிற குழந்தையாக இருந்து, 12 மணி நேரம் தாண்டாமலும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

பாட்டி தாத்தாவுக்காக வாங்குவதென்றால் பட்டன் குறைவானதைப் பாருங்கள், ஆனால் எண் பட்டன்கள் இல்லாததை வாங்காதீர்கள். அஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் சேனல்களை அவர்கள் எண்ணால்தான் தேடிப் போவார்கள். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபின் பழைய டிவியோடு டிஜிட்டல் டிகோடர் சேர்த்தவர்களுக்கு அடிக்கடி வரும் 'சிக்னல் இல்லை' என்ற திரை, பெரும்பாலும் உள்ளீடு மாற்றும் பட்டன்மேல் கை பட்டதால் வருவது. தேவையில்லாத பட்டன்களை ஒட்டுத்தாளால் மூடுங்கள். டிவி, டிகோடர் மாறும் பட்டன் உள்ள ரிமோட்டில், ஒலியை எப்போதும் டிவிக்கே அனுப்பும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் டிகோடர் நிலையில் ஒலியைக் குறைத்துவிட்டு, டிவியில் எத்தனை கூட்டியும் கேட்கவில்லை என்பார்கள். கடைசியாக, பொருந்திய குறியீட்டு எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை மறந்துபோனால் வெளியூரில் இருக்கும் பிள்ளை தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.