ஸ்காட்லாந்தில் ஒரு சின்னக் காட்டுக்குள் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ படிக்க வந்தவர்களும் பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்களும் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிராமப்பக்கம் போனால் இந்தக் காட்சி எப்படியும் கண்ணில் படும். ரோட்டோரம் கல்சுவர், நடுவில் ஒரு மரக் கேட், அதற்கு அந்தப் பக்கம் பிர்ச்சும் ஓக்கும் ஹேசலும் கலந்து வளர்ந்த சின்னக் காடு, பாசி மூடிய பாறைகள், உள்ளே எங்கேயோ ஓடைச் சத்தம். டிக்கெட் கவுண்டர் கிடையாது, காவலாளி கிடையாது. யாரோ ஒருவருடைய இடம் என்று மட்டும் தெரியும், கால் தானாக நின்றுவிடும். நான் வந்த முதல் வருடம் இப்படி இரண்டு மூன்று கேட்டில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, யாரிடமும் கேட்கவே வேண்டாம் என்று.

2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முதல் பகுதி, நிலமும் நீர்நிலையும் யாருடையதாக இருந்தாலும், பொறுப்பாக நடந்துகொள்ளும் எவருக்கும் அங்கே போகவும் கடந்து செல்லவும் உரிமை உண்டு என்கிறது. இது 2005 பிப்ரவரி 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, விசா எந்த வகை என்ற கேள்வியே இதில் இல்லை. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையில் போகலாம், உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடலாம், பகல் இரவு எந்த நேரமும் போகலாம். பாதை இருந்தால்தான் போகலாம் என்றும் இல்லை, பாதையை விட்டு மரங்களுக்கு நடுவே புகுந்தும் போகலாம்.

இங்கிலாந்தில் இருந்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மூர் (மரமில்லாத புதர்நிலம்), பொதுநிலம் என்று வரைபடத்தில் குறித்த இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். தனியார் காடு என்றால் பெரும்பாலும் பொதுப்பாதையை விட்டு விலகக்கூடாது. ஸ்காட்லாந்தில் கணக்கே தலைகீழ்: எல்லா இடத்துக்கும் போகலாம் என்பதில் ஆரம்பித்து, போகக்கூடாத இடங்களைத் தனியே கழிக்கிறார்கள். வீடும் அதைச் சுற்றி அந்த வீட்டுக்காரரின் தனிமைக்குத் தேவையான அளவு இடமும், கட்டடங்கள், பள்ளி வளாகம், பயிர் நிற்கும் வயல் (வரப்போரமாகப் போகலாம்), கட்டுமான வேலை நடக்கும் இடம், கல்குவாரி, சட்டத்துக்கு முன்பிருந்தே காசு வாங்கி உள்ளே விடும் சில இடங்கள், அவ்வளவுதான் முக்கியமானவை. பட்டியலில் காடு இல்லை.

ஆனால் 'பொறுப்பாக' என்ற சொல்லைச் சும்மா அலங்காரத்துக்குப் போடவில்லை. பொறுப்பில்லாமல் நடந்துகொண்டால் அந்த நேரத்தில் உங்களுக்கு உரிமையே இல்லை, அதுதான் சட்டம். பொறுப்பு என்றால் என்ன என்று விளக்க ஒரு தனி நெறிக் கையேடு இருக்கிறது, அதை எல்லாரும் அக்சஸ் கோட் என்றுதான் சொல்வார்கள், 2004-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. மற்றவர்களை மதி, இயற்கையைக் கெடுக்காதே, உன் பத்திரம் உன் பொறுப்பு என்று மூன்றே விஷயம்தான் அதன் சாரம். மூன்றாவதை நம் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஈரப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டு நிலக்காரர் வேலி போடவில்லையே என்று வழக்குப் போட நினைத்தால் எடுபடாது, இந்த உரிமை வந்ததால் நிலக்காரரின் பொறுப்பு முன்பைவிடக் கூடிவிடவில்லை என்று சட்டமே சொல்கிறது.

எங்கெல்லாம் உரிமை போகாது என்றால், முதலில் வண்டி. காரோ பைக்கோ உள்ளே ஓட்ட இந்தச் சட்டம் இடம் தராது, நடக்க முடியாதவர்களுக்கென்று செய்த வண்டிக்கு மட்டும் விலக்கு. வேட்டையாட, மீன் பிடிக்க உரிமை இல்லை. காருக்குள்ளேயே தூங்குவதும் கேம்பிங் கணக்கில் வராது. அப்புறம் பார்க்கிங். கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவது இங்கே கிராமத்து ஆட்களுக்கு வரும் கோபத்தில் முதல் இடம் என்று நினைக்கிறேன். அந்த வழியாக டிராக்டரோ மரம் ஏற்றும் லாரியோ வர வேண்டியிருக்கும். நம் ஊரில் வைக்கோல் வண்டி போகும் வண்டிப்பாதையில் ஒருத்தன் காரை நிறுத்தினால் என்ன திட்டு விழும், அதேதான்.

நாட்டுமரக் காடு என்றால் கேட்டை மூடுவதுதான் பாதி மரியாதை. காரணம் மான். 2014-இல் வெளியான நாட்டுமரக் காடுகளின் கணக்கெடுப்புப்படி ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட காடு சுமார் 3,11,000 ஹெக்டேர், நாட்டின் பரப்பில் 4 சதவீதம்தான். மலைச்சரிவில் கரும்பச்சையாக வரிசை வரிசையாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து நட்ட சிட்கா ஸ்ப்ரூஸ், மரத்தொழிற்சாலைக்கான பயிர். மிச்சமிருக்கும் பழைய காட்டில் கிழட்டு ஓக்கும் ரோவனும் நிற்கும், ஆனால் கீழே கன்றுகளே இருக்காது, முளைப்பதையெல்லாம் மானும் ஆடும் மேய்ந்துவிடும். அதனால்தான் ஆள் உயரத்துக்கு மேல் மான்வேலி போட்டுப் பத்து இருபது வருடம் காத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அந்த இரவே நாலு மான் உள்ளே புகுந்துவிடும், காத்திருந்ததெல்லாம் வீண். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விடுங்கள். பூட்டியிருந்து ஏறித்தான் தாண்ட வேண்டும் என்றால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள், மறுபக்கம் ஏறினால் கேட் தொங்கிவிடும்.

பூட்டலாமா என்று கேட்பீர்கள். மக்கள் வரவேண்டாம் என்ற நோக்கத்திலேயே பூட்டுவதும், முள்கம்பி கட்டுவதும், 'அத்துமீறினால் வழக்கு' என்று போர்டு வைப்பதும் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி தப்பு. உள்ளூர் கவுன்சிலுக்குத்தான் இதைக் கவனிக்கும் கடமை, தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா ஆணையத்துக்கு. அங்கே அக்சஸ் ஆஃபீசர் என்று ஒருவர் இருப்பார். இடத்தின் படமும் வரைபடக் குறியும் வைத்து அவருக்கு எழுதுங்கள், நிலக்காரரிடம் நேரில் மல்லுக்கு நிற்க வேண்டாம். கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம், ஷெரிஃப் நீதிமன்றம் வரை போகலாம் (இங்கே ஷெரிஃப் என்றால் போலீஸ் இல்லை, உள்ளூர் நீதிபதி).

அதற்காக நிலக்காரர் சொல்வதெல்லாம் வம்பு என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பிளாக் ஐல் பகுதியில் ஃபோர்ட்ரோஸ் பக்கத்தில் ஃபெடன்ஹில் காடு என்று ஒன்று. அதன் சொந்தக்காரர்கள் நடப்பவர்களை வரவேற்றார்கள், ஆனால் ஒரு பாதையில் மட்டும் குதிரை போனால் தரை சேறாகிவிடும் என்று தடுப்பு வைத்தார்கள். தடுப்பை எடு என்று ஹைலேண்ட் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்தது, ஷெரிஃப் கவுன்சில் பக்கம் நின்றார், 2009-இல் மேல்முறையீட்டில் ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் சொந்தக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காட்டைக் காப்பாற்ற நியாயமாக நடந்துகொண்டவர்களை, வருகிறவர்களை விரட்டப் பார்த்தவர்கள் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். பொறுப்பு இரண்டு பக்கமும் என்று கோட் சொல்வது இதைத்தான். மரம் வெட்டும் இயந்திரம் வேலை செய்கிறது, இந்தப் பாதை வேண்டாம் என்று போர்டு இருந்தால் வாதம் பண்ணாமல் சுற்றிப் போங்கள்.

நாய் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் உள்ள இடங்களில் குட்டைக் கயிற்றிலோ காலடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும், கழிவைப் பையில் எடுத்து வர வேண்டும். பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்வது! பக்கத்து மேய்ச்சலில் ஆட்டைத் துரத்தினால் 2021 சட்டப்படி 40,000 பவுண்டு வரை அபராதம், 12 மாதம் வரை சிறையும் உண்டு.

கூடாரம் போடலாம், சின்னதாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் இல்லாமல். லாக் லோமண்ட், டிராசக்ஸ் தேசியப் பூங்காவின் குறிப்பிட்ட ஏரிக்கரைகளில் மட்டும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை பெர்மிட் வேண்டும். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டலாம் என்று ஆசைப்படாதீர்கள், காட்டிலும் கரிமண் (மக்கிய செடிகள் படிந்த பீட்) தரையிலும் திறந்த தீ வேண்டாம் என்கிறது கோட், அந்த மண் பற்றினால் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். கேஸ் ஸ்டவ் போதும். விழுந்து கிடக்கும் மரமும் சும்மா கிடக்கவில்லை, பூஞ்சைக்கும் வண்டுக்கும் அதுதான் வீடு.

பறிப்பது பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் பிளாக்பெர்ரி, காளான் எடுக்கத் தடையில்லை. விற்கவோ லாபத்துக்கோ எடுப்பது இந்த உரிமைக்குள் வராது. எந்தக் காட்டுச் செடியையும் நிலக்காரர் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், மே மாதம் தரையெல்லாம் நீலமாக விரியும் புளூபெல் கிழங்கைத் தோண்டி வீட்டுத் தொட்டியில் நட நினைப்பவர்கள் கவனிக்கவும்.

கிளம்பும் முன்பும் திரும்பியதும் பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் கழுவுங்கள், மர நோய்கள் அப்படித்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், அக்குளில், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள், எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் பரவினால் உடனே டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.