டெலோஸ்: கண்ணுக்குத் தட்டுப்பட்ட தீவு

டெலோஸ், இப்ப உள்ள கிரேக்கர் வாயில டிலோஸ். ஏஜியன் கடல்ல மிக்கோனோஸ் பக்கத்துல இருக்குற குட்டித் தீவு, மூணரை சதுர கிலோமீட்டர் கூட தேறாது, ஆனா லத்தீன் கவிஞருங்களுக்கு இது மேல அப்படி ஒரு பிரியம். கிரேக்கத்துல இந்தச் சொல்லுக்கு 'பளிச்னு தெரியுறது, வெளிப்படையானது'னு அர்த்தம். 'சைக்கடெலிக்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையில வர்ற 'டெலிக்' கூட இதே வேர்தான், மனசை வெளிய காட்டுறதுன்னு 1956-ல உண்டாக்கின வார்த்தை அது. உடனே நம்ம 'தெளி'யை இதோட முடிச்சு போட்டு கிளம்பிடாதீங்க, ஓசை ஒத்துப்போகுது, அவ்வளவுதான்.

பழைய பேரு ஒர்டிகியா. ஒர்டிக்ஸ்னா காடை, அதனால தமிழ்ல காடைத்தீவுன்னு தாராளமா சொல்லலாம். லத்தீன்ல புராணக்கதைகளைத் தொகுத்த ஹைஜினஸ் சொல்ற கதைப்படி, தேவர்களோட ராஜா ஜூபிடர் ஆசைப்பட்ட ஆஸ்டேரியா அவரை மதிக்கல, அந்தக் கோவத்துல அவளைக் காடையா மாத்தி கடல்ல வீசிட்டாரு, அதுலேர்ந்து எழும்பின தீவு நிலையா நிக்காம மிதந்துக்கிட்டே கிடந்துச்சு. அப்புறம் அவ கூடப்பிறந்த லடோனா வயித்துல ரெட்டைப் புள்ளையோட அலையுறா, ஜூபிடர் பொண்டாட்டி ஜூனோவுக்கு பயந்து எந்த மண்ணும் இடம் குடுக்கல. அப்ப தீவே பேசுதாம், "நீ நிலத்துல அலையுற, நான் தண்ணியில அலையுறேன்"னு. இந்த வரி கவிஞர் ஓவிட் 'மெட்டமார்ஃபோசஸ்' ஆறாம் புத்தகத்துல எழுதினது, அதையும் லடோனாவை மட்டம்தட்டுற நியோபிங்கிற ராணி வாயில வச்சு எழுதியிருக்காரு பாருங்க, குசும்பு.

கவிஞர் வெர்ஜிலோட 'ஈனியட்' மூணாம் புத்தகத்துல, அந்த ரெட்டையில ஒருத்தனா இங்க பொறந்த அப்பல்லோ நன்றிக்கடனா இந்தத் தீவை பக்கத்துத் தீவுங்களான மிக்கோனோஸோடயும் கியாரோஸோடயும் சேர்த்துக் கட்டி அசையாம நிறுத்தினான்னு வருது. இயற்கையைப் பத்தி எழுதின ரோமானியர் பிளினி கதைக்குள்ள போகல, திடீர்னு கடல்லேர்ந்து எழும்பிக் கண்ணுக்குத் தெரிஞ்சதால இந்தப் பேருன்னு அரிஸ்டாட்டில் சொன்னதை எடுத்துப் போட்டுட்டு போயிடுறாரு.

அப்ப தமிழ்ல என்ன சொல்றது? சிலர் 'தெளிவுத்தீவு'ம்பாங்க, எனக்கு அது ஒட்டல, ஏதோ தண்ணி கலங்காம இருக்குற மாதிரி தொனிக்குது. இங்க விஷயமே இல்லாதது கண்ணுல படுறதுதான், அதனால 'வெளிப்பட்ட தீவு', இல்ல சுருக்கமா 'தோன்றுதீவு'. பேரை டெலோஸ்னே வச்சுக்கிட்டு அர்த்தம் சொல்றப்ப மட்டும் இதை எடுத்துக்குங்க.

இந்தப் பேரை வச்சு ரோம்ல ஒரு விளையாட்டே நடந்துச்சு. டிபுல்லஸ்னு ஒரு கவிஞர், காதலியை 'டெலியா'ன்னு பாடுறாரு, டெலோஸ்காரின்னு அர்த்தம், அப்பல்லோ கூட ரெட்டையா பொறந்த டயானாவோட பேரும் அதுதான். அவளோட நிஜப்பேரு பிளானியான்னு அப்புலெயஸ்ங்கிற எழுத்தாளர் பின்னாடி போட்டு உடைச்சாரு. லத்தீன்ல 'பிளானுஸ்'னா சமதளம், அப்படியே தெளிவானதும் கூட. அதாவது மனுஷன் காதலி பேரை கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்து ஒளிச்சு வச்சிருக்காரு, ஒளிச்சு வைக்கப் பிடிச்ச வார்த்தைக்கோ 'வெளிப்படை'ன்னு அர்த்தம்.