கார்டு ஐந்து, டைவ் இருபத்தாறு

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்ததற்கான ஐந்து கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினார். “அண்ணே, வேலையை விட்டுட்டு டைவ்மாஸ்டர் எடுக்கப் போறேன்.” டைவ் கணக்கு எழுதும் லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மொத்தமே 26 டைவ். அதிலும் பாதிக்கு மேல் கோர்ஸுக்காகச் செய்தவை. இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். பொறுமை போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்ட், ரெஸ்கியூ (ஆபத்தில் இருக்கும் டைவரைக் காப்பது), அதற்கு மேல் டைவ்மாஸ்டர் என்று பள்ளிக்கூட வகுப்பு ஏறுவதுபோல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரெஸ்கியூ வரைக்கும் நீங்கள் காசு கொடுத்து வரும் விருந்தாளி. டைவ்மாஸ்டர் ஆனதும் விருந்தாளியைக் கவனிக்கும் ஆள். தண்ணீருக்குள் நீங்கள் ஆமையைப் பார்க்கப் போவதில்லை, ஆமை பார்க்க வந்த ஆறு பேரைப் பார்க்கப் போகிறீர்கள். ஒருவருக்குச் சிலிண்டரில் காற்றழுத்தம் 70 பாருக்கு இறங்கியிருக்கும், சொல்ல மாட்டார். இன்னொருவர் கேமராவோடு பவளத்தின் மேல் முட்டி போடுவார். மூன்றாமவர் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து கண்ணை உருட்டுவார். மேலே வந்தால் தலை எண்ண வேண்டும், சிலிண்டர் தூக்க வேண்டும். காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 17 கிலோ.

‘மாஸ்டர்’ என்ற சொல்தான் பலரையும் கெடுக்கிறது. அந்தக் கார்டு உங்கள் மிதவைக் கட்டுப்பாட்டை, அதாவது தண்ணீருக்குள் மேலும் கீழும் போகாமல் நிற்பதை, சரிசெய்யாது. நன்றாக டைவ் செய்ய ஆசையா? டைவ் செய்யுங்கள். பட்டம்தான் வேண்டுமென்றால் பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பில் மாஸ்டர் ஸ்கூபா டைவர் இருக்கிறது: ரெஸ்கியூ, ஐந்து சிறப்புப் பயிற்சிகள், 50 டைவ். யாருடைய உயிருக்கும் நீங்கள் பொறுப்பில்லை.

டைவ்மாஸ்டர் பயிற்சி தொடங்க 40 டைவ், முடிக்க 60, வயது 18. இதெல்லாம் குறைந்தபட்சம். என்னைக் கேட்டால் 100 வரட்டும் என்பேன். வருடாந்தரக் கட்டணம், காப்பீடு தனி. நவம்பரில் மழைக்காலம் வந்தால் மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் ஏறக்குறைய பிப்ரவரி வரை அடங்கிவிடும். அந்த மாதங்களில் வீட்டு வாடகைக்கு என்ன வழி?

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவை மறைக்காதீர்கள். டாக்டரிடம் மறைக்கலாம், 20 மீட்டர் ஆழத்தில் நுரையீரலிடம் மறைக்க முடியாது. அப்புறம், ஞாயிறு மதியம் கடைசி டைவ் முடித்துவிட்டு கோலாலம்பூர் திரும்பும் வழியில் கெந்திங் மலை ஏறுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகலாம்; அதனால் பல டைவ் செய்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். 1,800 மீட்டர் மலை என்றால் மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

ரெஸ்கியூ கோர்ஸை மட்டும் எல்லாரும் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உங்களோடு இறங்கும் மனைவிக்கோ நண்பருக்கோ அதுதான் உதவும்.

தம்பியிடம் ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன். “மே மாசம் பெர்ஹெந்தியான் தீவுக்குக் குழு கூட்டிட்டுப் போறேன், வாங்க. ரெண்டு நாள் பின்னாடியே நீந்தி, ஆட்களை மட்டும் பாருங்க. யார் காற்று எவ்வளவுன்னு மேலே வந்து எங்கிட்ட சொல்லணும். மீன் பக்கம் திரும்பக் கூடாது.”

“ஒரு மீன்கூடவா அண்ணே?” என்றார்.